இரைச்சலிலிருந்து இசைக்கு...



மலருக்குக் கட்டுரை தருகிறேன், ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி என்றதும், "யாருப்பா, ராஜாவா, ரகுமானா?" என்று கேட்டார் மலர்க் குழு நண்பர் ஒருவர். இரண்டு பேரும் இல்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா என்கிற மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய 'தி ஃப்ளேமிங் லிப்ஸ்' என்கிற ராக் குழு. "அது நமக்கு எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் குழு தன் இசையை மாற்றிக்கொண்ட கதையில் நாம் லேபில் ஆஸிலாஸ்கோப்பில் பார்க்கிற அலைகள் இருக்கின்றன, டிலே இருக்கிறது, எஃப்.எம். ரிசீவர்கூட இருக்கிறது. அதோடு பத்து வருஷத்துக்கு மேல் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற ஒரு மனிதரும் இருக்கிறார். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இரண்டு பெயர் விளக்கம்

'இன்டி ராக்' என்பதில் இன்டி என்றால் சுதந்திரமானது என்று பொருள். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் தயவு இல்லாமல், சின்னக் கம்பெனிகளின் மூலம், சின்ன பட்ஜெட்டில், சின்ன ஹால்களில் பாடி வளர்ந்த குழுக்களுக்கு அந்தப் பெயர் வந்தது. இந்தக் குழுக்களில் பலவற்றுக்கு முக்கிய ஆயுதம் கிடார். அதுவும் டிஸ்டார்ஷன் போட்ட கிடார். ஆம்ப்ளிஃபயர் தாங்குகிற அளவுக்கு மேல் இன்புட் கொடுத்தால் சைன் அலையின் தலை தட்டையாகிவிடும் அல்லவா? அதுதான் கிளிப்பிங். தட்டையானால் புதிதாக ஹார்மானிக்ஸ் பிறக்கும், சத்தம் கரகரப்பாகும், தடிமனாகும். நம் லேபில் இது ஃபால்ட். அவர்களுக்கு இதுதான் பிழைப்பு!

'சைக்கடெலிக் பாப்' என்பது 1966, 1967 வாக்கில் வந்த பாணி. சைக்கடெலிக் என்கிற சொல், மனம், வெளிப்படுத்துதல் என்ற பொருள் கொண்ட இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கியது. அந்தக் கால இளைஞர்களிடம் பரவிய எல்.எஸ்.டி. போன்ற போதைப் பொருள்களோடு ஒட்டி வந்த பெயர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இசையை உண்டாக்கியது போதை மட்டும் என்று நினைத்தால் தப்பு. அதன் பின்னால் நம்மைப் போல் சால்டரிங் அயர்ன் பிடித்த ஆட்களும் இருந்தார்கள்.

லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்றொரு இன்ஜினியர். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்குத் தன் குரல் இரட்டையாகக் கேட்க வேண்டும், ஆனால் ஒரே பாட்டை இரண்டு தடவை பாட அலுப்பு. டவுன்சென்ட் 1966ல் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடிய குரலை இன்னொரு டேப் ரெக்கார்டர் வழியாகக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அசலோடு கலந்துவிட்டார். ஒரு ஆள் பாடினால் இரண்டு ஆள் பாடுவது போல இருக்கும். அதே வருஷம் லெனனின் குரலைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாகவும் செலுத்திப் பதிவு செய்தார்கள். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹார்ன் சத்தம் மாறுகிறதே, அந்த டாப்ளர் விளைவை ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. மெல்லோட்ரான் என்றொரு கீபோர்டு: ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப், அதில் புல்லாங்குழலோ வயலினோ ஏற்கெனவே பதிவாகி இருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். ஏறக்குறைய 8 வினாடியில் டேப் தீர்ந்துவிடும்! அமெரிக்காவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன், 1966ல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் சைக்கிள் மணியிலிருந்து நாய் குரைப்பது வரை சேர்த்தார்.

தாமதம் என்ன செய்யும்?

இந்த வித்தைகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டிலே. கணக்காகவே பார்த்துவிடுவோம்.

ஒரு சத்தத்தின் இரண்டு பிரதிகள். ஒன்று இன்னொன்றைவிட 1 மில்லி வினாடி பிந்தி வருகிறது. 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 2 மில்லி வினாடி. ஆக, 1 மில்லி வினாடி என்பது அரைச் சுற்று. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டும் அடிபட்டுப் போகும். 1500, 2500 ஹெர்ட்ஸ் அலைகளுக்கும் இதே கதி. சீப்பின் பற்கள் மாதிரி இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஓசை காணாமல் போகிறது. தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் அந்தப் பள்ளங்கள் நகரும். ஜெட் விமானம் தலைக்கு மேல் போவது போன்ற 'ஊஷ்...' சத்தம் வருகிறதே, அது இதுதான். தாமதம் 20, 30 மில்லி வினாடிக்குப் போனால் குரல் இரட்டிக்கும். 100 மில்லி வினாடிக்குப் போனால் தனி எதிரொலியாகவே விழும்.

என் அப்பா மைக்செட் வேலை பார்க்கிறவர். திருவிழாவில் தெருவின் இந்த முனையில் ஒரு குழாய் ஸ்பீக்கர், அந்த முனையில் ஒன்று கட்டுவார். ஓசை வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஆகவே 34 மீட்டர் அதிகத் தூரத்தில் இருக்கிற குழாயின் சத்தம் பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தி வரும், பாட்டு இரண்டாகக் கேட்கும். அப்பாவுக்கு டிலே என்கிற வார்த்தை தெரியாது. நடுத்தெருவில் நின்று காதைச் சாய்த்து, "சத்தம் ரெண்டா விழுதுடா, அந்தக் குழாயைத் திருப்பு" என்பார். திருப்பினதும் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஃபார்முலா எழுதுகிறவன் நான். அந்த ஃபார்முலா சொல்வதை அப்பாவின் காது எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறது. ஃப்ளேமிங் லிப்ஸ் கதை என்னைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் வறுத்த பாடகர்

இந்தக் குழுவின் தலைவர் வேய்ன் காய்ன். இசைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. மீன் வறுவல் விற்கும் ஒரு உணவகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வறுவல் வேலை பார்த்தவர். பதின்ம வயதில் அங்கே வேலையில் இருந்தபோது துப்பாக்கியோடு கொள்ளையர் புகுந்தார்கள். தரையில் படுக்க வைக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களில், செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்ததாகப் பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2005ல் வந்த 'தி ஃபியர்லெஸ் ஃப்ரீக்ஸ்' ஆவணப்படத்தில் அதை நடித்தும் காட்டினார்.

ஆரம்பத்தில் பாடியவர் வேய்னின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான மார்க். அவர் விலகியதும் வேய்னே பாட ஆரம்பித்தார். பாஸ் கிடார் மைக்கேல் ஐவின்ஸ். 1986 முதல் 1990 வரை சின்னக் கம்பெனி மூலமாகவே நான்கு ஆல்பங்கள். எல்லாம் இரைச்சல், கலாட்டா, புகை. பிறகு வார்னர் பிரதர்ஸ் என்கிற பெரிய கம்பெனி சேர்த்துக்கொண்டது. டிரம்ஸுக்கு ஸ்டீவன் டிராஸ்ட், கிடாருக்கு ரொனால்ட் ஜோன்ஸ் வந்தார்கள். 1993ல் வந்த ஆல்பத்தில் இருந்த 'ஷி டோன்ட் யூஸ் ஜெல்லி' என்கிற வேடிக்கைப் பாட்டு எதிர்பாராமல் ஹிட்டாகி, 1995ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம் வரை போனது.

ஜோன்ஸ் சாதாரணக் கிடார் வித்வான் இல்லை. காலடியில் எஃபெக்ட் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்து, ஒரே கிடாரில் ஆர்கெஸ்ட்ரா மாதிரி சத்தம் எழுப்புவார். 1995ல் வந்த 'க்ளவுட்ஸ் டேஸ்ட் மெட்டாலிக்' ஆல்பம் முழுக்க அவர் கைவண்ணம் தெரியும். 1996ல் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ராக் குழு, கிடார்காரர் போய்விட்டார். ஹிட்டும் பழசாகிவிட்டது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? இன்னொரு கிடார்காரரைத் தேடுவார்கள். இவர்கள் தேடவில்லை. இருக்கிற மூன்று பேரே போதும் என்று முடிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசித்த டிராஸ்ட் கீபோர்டு, கிடார் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்.

கார் நிறுத்தத்தில் ஒரு கச்சேரி

அப்போது வேய்னுக்கு ஒரு யோசனை. பலவிதமான கேசட்டுகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு சத்தம்: ஒன்றில் குரல், ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் வெறும் ஓசை. ஆட்களைக் காரோடு வரச்சொல்லி, ஒரு காருக்கு ஒரு கேசட் கொடுத்து, எல்லாரும் கதவைத் திறந்து வைத்து ஒரே நேரத்தில் போடச் சொன்னார். ஓக்லஹோமா நகரில் 1996ல் ஆரம்பித்த இதை, 1997ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த இசை விழாவிலும் செய்தார். ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசு இல்லை, சரி, ஊரில் இருக்கிற கார்களே ஆர்கெஸ்ட்ரா!

அடுத்த கட்டம் 1997 அக்டோபரில் வந்த 'ஜைரீகா'. ஒரு ஆல்பம், நான்கு சி.டி.கள். நான்கையும் நான்கு பிளேயரில் போட்டு ஒரே நேரத்தில் ஓட விட்டால்தான் பாட்டு முழுசாகும். ஒன்றில் டிரம்ஸ் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் குரல்.

இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு பேர் 'ஸ்டார்ட்' அழுத்துவதே ஒரே நொடியில் நடக்காது. சரியாக அழுத்தினாலும் ஒவ்வொரு பிளேயருக்கும் உள்ளே தனித்தனி கிரிஸ்டல் ஆஸிலேட்டர். இரண்டு பிளேயர்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடப் பாட்டு, அதாவது 300 வினாடி முடிவதற்குள் 30 மில்லி வினாடி விலகிவிடும். முன்னே பார்த்தோமே, குரல் இரட்டிக்கும் தாமதம், அதே அளவு! அபே ரோட்டில் 1966ல் டேப்பை வைத்துச் செய்த வித்தையை இங்கே கிரிஸ்டலின் குறைபாடு தானாகவே செய்கிறது. அதனால் ஒரு தடவை கேட்டது போல இன்னொரு தடவை கேட்காது. இந்த விலகலைச் சகித்துக்கொள்ளவில்லை, அதை வேண்டும் என்றே பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் விடுதியில் நான்கு செல்போனை நான்கு மூலையில் வைத்து ஒரே பாட்டை ஓட்டிப் பார்த்தோம். நடு அறையில் நின்றால் ஒரு மாதிரி, கதவோரம் நின்றால் வேறு மாதிரி. ஒரு மீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 3 மில்லி வினாடி மாறுகிறதே! பக்கத்து ரூம்காரர்கள் கத்தும் வரை ஓட்டினோம். நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத எக்ஸ்பெரிமென்ட்.

பிட்ச்ஃபோர்க் என்கிற அமெரிக்க இசை விமர்சனத் தளம் ஜைரீகாவுக்கு எத்தனை மார்க் கொடுத்தது தெரியுமா? பத்துக்குப் பூஜ்யம். வீட்டில் நான்கு பிளேயர் யாரிடம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

பூஜ்யத்துக்குப் பிறகு

ஆனால் அந்தப் பூஜ்யத்தில் இருந்துதான் அடுத்த ஆல்பம் பிறந்தது. 1999ல் வந்த 'தி சாஃப்ட் புல்லட்டின்'. நியூயார்க் மாநிலத்தில் கஸடேகா என்கிற சிற்றூரில் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன் வைத்திருந்த டார்பாக்ஸ் ரோடு ஸ்டுடியோவில், 1997 முதல் 1999 வரை உருவானது. ஜைரீகா வேலையும் இதன் வேலையும் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்தன.

இதைக் கேட்டால் 1966ன் வாசனை அடிக்கும். பீச் பாய்ஸை நினைவூட்டும் அடுக்குக் குரல்கள், வயலின் கூட்டம், ஹார்ப், மணிச் சத்தம். கிடார் இருக்கிற இடமே தேட வேண்டும். ஆனால் நிஜமான பெரிய ஆர்கெஸ்ட்ரா அங்கே வரவில்லை. பெரும்பாலும் டிராஸ்டின் கீபோர்டில் இருந்து வந்த வயலின்கள்தான். அந்தப் பட்டுப் போன்ற ஓசைக்குக் கீழே, டிரம்ஸை மட்டும் கம்ப்ரஷன் கொடுத்து, கரகரப்பாக, முகத்தில் அறைகிற மாதிரி வைத்தார் ஃப்ரிட்மன்.  இன்டி ராக்கில் கற்ற கிளிப்பிங் வித்தை இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

பாட்டுகளின் விஷயமும் மாறிவிட்டது. முன்பு கிண்டல், விசித்திரம். இப்போது, உயிர் போனாலும் பரவாயில்லை என்று மனிதகுலத்துக்காக மருந்து தேடும் இரண்டு விஞ்ஞானிகள் பற்றி ஒரு பாட்டு. தாங்க முடியாத பாரத்தை சூப்பர்மேனாலும் தூக்க முடியாமல் போகலாம் என்று ஒரு பாட்டு. அந்தக் காலத்தில்தான் வேய்னின் தந்தை புற்றுநோயால் இறந்திருந்தார். ஐவின்ஸ் கார் விபத்தில் மயிரிழையில் தப்பினார். டிராஸ்டின் கை அழுகி வெட்ட வேண்டிய நிலை வந்தது. சிலந்தி கடித்தது என்றுதான் மற்றவர்கள் முதலில் நம்பி, அதை ஒரு பாட்டாகவும் வைத்தார்கள். உண்மைக் காரணம் ஹெராயின் ஊசி. கை தப்பியது, பின்னாளில் அவர் அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டார். சைக்கடெலிக் என்றாலே போதைதான் என்று பெருமை பேசுகிற சீனியர் யாராவது இருந்தால், இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆல்பத்தை இங்கிலாந்தின் என்.எம்.இ. பத்திரிகை 1999ன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. பூஜ்யம் போட்ட அதே பிட்ச்ஃபோர்க் இதற்குக் கொடுத்தது பத்துக்குப் பத்து. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!

அதே 1999 சுற்றுப்பயணத்தில் இன்னொரு விளையாட்டு. ரசிகர்களுக்குச் சின்ன எஃப்.எம். ரிசீவரும் ஹெட்போனும் கொடுத்து, மேடையிலிருந்து பாட்டை ஸ்டீரியோவில் ஒலிபரப்பினார்கள். மேடை ஸ்பீக்கரும் ஓடும். நெஞ்சில் இடிக்கும் பாஸ் ஸ்பீக்கரிலிருந்து, துல்லியமான குரல் காதில். ரேடியோ அலைக்குத் தாமதம் கிடையாது; 17 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஸ்பீக்கர் ஓசை 50 மில்லி வினாடி பிந்தும். ஆக ஒவ்வொரு ரசிகரும் நின்ற இடத்துக்கேற்ப அவரவருக்கென்று ஒரு கலவை!

2002ல் வந்த 'யோஷிமி பேட்டில்ஸ் தி பிங்க் ரோபோட்ஸ்' ஆல்பம் இன்னும் பெரிய வெற்றி. அதிலிருந்த ஒரு வாத்தியப் பகுதிக்கு 2003ல் கிராமி விருது. 'டூ யூ ரியலைஸ்' என்கிற பாட்டு, மரணத்தைப் பற்றிய பாட்டு, பொதுமக்கள் வாக்கெடுப்பில் வென்று 2009ல் ஆளுநர் ஆணையால் ஓக்லஹோமாவின் அதிகாரபூர்வ ராக் பாட்டானது. அடுத்து வந்த ஆளுநர் அந்த ஆணையைப் புதுப்பிக்கவில்லை, அது வேறு கதை.

பழசைக் காப்பி அடித்தார்களா?

'ரெட்ரோ' என்றால் பழைய பாணியைத் திரும்ப எடுப்பது. "அதுல என்ன பெரிய சாதனை? அப்பா சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரிதானே?" என்று என் ரூம்மேட் கேட்டான். நான் அப்படி நினைக்கவில்லை. கிடார் இருந்தவரை அது எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. அது போனதும் பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் எந்தச் சத்தத்தைக் கிட்டே வைப்பது, எதைத் தூரத்தில் வைப்பது, எதைக் கொஞ்சம் பிந்த விடுவது என்று அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1966ல் நான்கு டிராக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதே கேள்விகளோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். அப்பா இறந்ததைப் பற்றி ஒருவன் பாட வேண்டுமென்றால் அவன் குரல் கேட்க வேண்டும். இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதைப் பாட முடியாது. அவர்கள் பாணி மாறியதற்கு உண்மையான காரணம் அதுதான் என்பது என் கருத்து.

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். பழசு என்றால் விட்டுவிட்டு வர வேண்டியது என்றுதான் எல்லாரும் நமக்குச் சொல்கிறார்கள். நான் டிப்ளமா முடித்ததும் ஆடியோ துறையில் வேலை தேடப் போகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கோடை விடுமுறையில் அப்பாவோடு திருவிழாவுக்குப் போய், கையில் மீட்டர் டேப்போடு நிற்பதாக உத்தேசம். அவர் காது சொல்கிற இடத்தையும் என் கணக்கு சொல்கிற இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். எது சரி என்று வந்து சொல்கிறேன். காது ஜெயிக்கும் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது!



— இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவன்